வாய் திறந்தால் மீன்

கூனிமடைக்காரனிடம் வழி கேட்காதே என்று எங்கள் கடற்கரையில் ஒரு பேச்சு உண்டு. கேட்டால் சொல்லுவான். அதோடு விடமாட்டான். சொன்ன வழி சரிதானா என்று பார்க்க உன் பின்னாலேயே வருவான். கடைசியில் இரண்டு பேருக்கும் வழி தெரியாது.

அந்த ஊரில் கெட்டவன் ஒருத்தனும் கிடையாது. கெட்டவனாக இருக்கக் கொஞ்சமாவது மூளை வேண்டும்.

ஒருமுறை சாமியார் பிரசங்கத்தில், "பாவம் உங்கள் வாசலில் காத்து நிற்கிறது" என்று சொல்லிவிட்டார். ஊரே வாசல் கதவைச் சாத்தி ஆணி அடித்துவிட்டுச் சுவர் ஏறி வீட்டுக்குள் போனது. சாமியார் வந்து, பாவம் போய்விட்டது என்று வீடு வீடாகச் சொன்ன பிறகுதான் கதவு திறந்தார்கள். அதிலும் ஒருத்தன், எதற்கும் இருக்கட்டும் என்று பாதிக்கதவுதான் திறந்தான்.

இந்த ஊர் இன்னாசிக்குத்தான் பக்கத்து ஊர் சேந்தன்துறை மெட்டில்டாவைக் கட்டிக்கொள்ள ஆசை வந்தது.

மெட்டில்டாவுக்கும் ஆசைதான். அவள் முட்டாள் இல்லை. ஐஸ் கம்பெனியில் எடை போடுகிறவள். கிராம் பிசகாது. திருவிழாக் கூட்டத்தில் இவனைக் கொடிமரத்தடியில் நிறுத்தி, "இங்கேயே நில்லு, வந்திடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். போனவள் மறந்துவிட்டாள். மறுநாள் காலையில் பால் வாங்க வந்தால், இன்னாசி அங்கேயே நிற்கிறான். கொடிமரத்தைக் கூடப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மரம் இருந்த குழிக்குப் பக்கத்தில் இவன் மட்டும்.

"சொன்ன சொல்லைக் கேக்குத ஆம்பளை இந்தக் கரையில இவன் ஒருத்தன்தான்" என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். அவள் கணக்கு அது. நான் குறுக்கே வரவில்லை.

அவளைப் பெற்றவர் அத்தனாஸ். வாழ்நாளெல்லாம் சங்கு குளித்தவர். கடலுக்கடியில் கிடக்கிற கல் ஒவ்வொன்றும் தன் பாட்டன் போட்டது மாதிரிப் பேசுவார். பேச்சைத் தொடங்கினால் எதிரில் இருக்கிறவன் மூச்சுப் பிடிக்கவேண்டும். கூனிமடை என்ற பேரைக் கேட்டாலே அவருக்கு மேலெல்லாம் எரியும். டவுனில் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க வருகிறார்கள்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் பக்கத்து வழக்கம் அது. பெண் கேட்டு வருகிறவனை வெறுமனே விரட்டக்கூடாது. இன்ன மீனைப் பிடித்துக்கொண்டு வா என்று பெண்ணைப் பெற்றவன் கேட்கலாம். என்ன மீன் வேண்டுமானாலும் கேட்கலாம். அதைக் கொண்டுவந்து கொடுத்து, பெண் தன் வாயால் "மீன் வந்துட்டு" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டால் கதை முடிந்தது. பிறகு அப்பன் முறுக்க முடியாது.

இன்னாசி பெண் கேட்டு வந்தான். கூட மூன்று பேர். அவன் அண்ணன் கஸ்பார், வள்ளத்துக்குச் சொந்தக்காரன். கஸ்பாரின் மச்சினன் லேயோன். மூன்றாவது தொபியாஸ். இந்தத் தொபியாஸ்தான் கூனிமடைக்கே யோசிக்கிறவன். மற்றவர்கள் அந்த வேலையை அவனிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருந்தார்கள்.

அத்தனாஸ் நாலு பேரையும் மேலும் கீழும் பார்த்தார். உட்காரச் சொல்லவில்லை.

"கல்மீன் கொண்டு வா" என்றார்.

"சரி மாமா. அது எப்படி இருக்கும்?"

"கல்லு மாதிரி இருக்கும்."

"எந்தக் கல்லு மாதிரி?" என்று தொபியாஸ் கேட்டான்.

"பக்கத்தில எந்தக் கல்லு கிடக்கோ, அந்தக் கல்லு மாதிரி."

தொபியாஸ் வாசலில் கிடந்த கல்லை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"ஆழப்பார்ல கிடக்கும்" என்றார் அத்தனாஸ். கடலுக்குள் மூழ்கிக் கிடக்கிற பாறைத்திட்டைப் பார் என்போம். ரொம்ப ஆழத்தில் கிடப்பது ஆழப்பார். "மேலெல்லாம் பாசி புடிச்சுக் கிடக்கும். அசையாது. முதுகில முள்ளு. முள்ளுல விஷம். பத்துத் தேளு ஒண்ணாக் கொட்டினாப்ல இருக்கும். கை படப்பிடாது. ஆனா எனக்கு உயிரோட வேணும்."

"கல்லு மாதிரியே கிடந்தா, மீனுன்னு எப்படி மாமா கண்டுபிடிக்கது?"

"வாயைத் திறக்கும். கல்லு வாயைத் திறக்காது. எது வாயைத் திறக்கோ அது மீனு."

"வாயைத் திறந்தா மீனு" என்று லேயோன் மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

"ஏமாத்தும்" என்றார் அத்தனாஸ். அவருக்கு இப்போது உற்சாகம் வந்துவிட்டது. "அதுக்குப் பொழப்பே ஏமாத்துததுதான். நான் மீனு இல்ல, நான் மீனு இல்லன்னு சாதிக்கும். என்ன சாதிச்சாலும் நம்பாதீங்க. விட்டுராதீங்க."

"குத்திட்டா?" இது கஸ்பார்.

"சுடுதண்ணியில வைக்கணும். பொறுக்கிற சூடு. வலி போறவரைக்கும் எடுக்கப்பிடாது. ஞாயித்துக்கிழமைக்குள்ள வரணும். போங்கல."

நாலு பேரும் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்கள். மெட்டில்டா பக்கவாட்டுச் சுவரோரம் நின்றாள்.

"இன்னாசி, அப்பா சொன்னதை அப்படியே செய்யி. உன் மூளையை மட்டும் இதுல விட்டுராத."

"விடமாட்டேன்" என்றான் இன்னாசி. "நீ கவலைப்படாத. நான் என்னைக்கும் விட்டதில்ல."

"ஞாயித்துக்கிழமை வரலேன்னா நான் டவுனுக்குப் போயிருவேன்."

"எந்த பஸ்ஸுல?"

அவள் அழுவதா சிரிப்பதா என்று முடிவு செய்யாமல் உள்ளே போய்விட்டாள்.

*

கடலுக்குப் புறப்படுகிற நேரத்தில் கஸ்பாருக்கு ஒரு கவலை வந்தது.

"குத்தின பொறவு, நடுக்கடல்ல சுடுதண்ணிக்கு எங்க போக?"

நாலு பேரும் தொபியாஸைப் பார்த்தார்கள். தொபியாஸ் உட்பட. அவன் குனிந்து தன் தொப்புளைப் பார்த்தான். யோசிக்கிறபோது அங்கேதான் பார்ப்பான்.

"சின்னப் பிள்ளைக்குத் தடுப்பூசி எப்பப் போடுதாங்க? நோய் வந்த பொறவா, வரதுக்கு முந்தியா?"

"முந்தி."

"அப்ப நாமளும் மருந்தை முந்தியே எடுத்துக்கிடுவோம்."

இவ்வளவு பெரிய அறிவு தங்களோடு வள்ளத்தில் வருகிறதே என்று கஸ்பாருக்குக் கண் கலங்கியது. அண்டாவில் தண்ணீர் ஏற்றினார்கள்.

அடுத்த கேள்வி. பொறுக்கிற சூடு என்றாரே, யார் பொறுக்கிற சூடு?

"எனக்கு வெதுவெதுப்பே பொறுக்காது அத்தான்" என்றான் லேயோன்.

"உனக்குப் பொறுக்காதுன்னா அது பொறுக்கிற சூடு இல்ல. பொறுக்கிற ஆளு வேணும்."

கூனிமடையில் சூடு பொறுக்கிற ஆள் கஸ்பாரின் பெண்டாட்டி சலோமிதான். கொதிக்கிற குழம்புச் சட்டியைத் துணி இல்லாமல் இறக்குவாள். அடுப்புக் கங்கு உருண்டு வெளியே வந்தால் விரலால் எடுத்து உள்ளே போடுவாள். அவளைக் கூப்பிட்டார்கள். தளதளவென்று கொதிக்கிற தண்ணீரில் அவள் கையை விட்டுப் பார்த்தாள்.

"வெதுவெதுன்னு இருக்கு. இன்னும் கொஞ்சம் எரியட்டும்."

எரிந்தது. மறுபடி கையை விட்டாள்.

"இப்பப் பொறுக்குது. காலை வையுங்க."

நாலு பேரும் அண்டாவைச் சுற்றி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒரே நேரத்தில் காலை உள்ளே வைத்தார்கள்.

அந்தச் சத்தம் சேந்தன்துறை வரைக்கும் கேட்டதாகச் சொல்கிறார்கள். எனக்குத் தெரியாது. நான் அன்றைக்கு ஊரில் இல்லை.

"எடுக்காதீங்க" என்று தொபியாஸ் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். "வலி போறவரைக்கும் எடுக்கப்பிடாதுன்னு சொல்லியிருக்காரு."

"வைக்கதுக்கு முந்தி வலியே இல்லையே அண்ணே."

"இப்ப இருக்குல்லா. அது போகட்டும்."

தண்ணீர் ஆறித்தான் வலி கொஞ்சம் அடங்கியது. எடுத்துப் பார்த்தால் எட்டுக் காலும் அவித்த பனங்கிழங்கு மாதிரி இருந்தன. ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டு, குதிகாலால் நடந்து வள்ளத்துக்குப் போனார்கள்.

"நல்ல மருந்து" என்றான் லேயோன். "இனி அது குத்தினாலும் எனக்குத் தெரியாது."

*

ஆழப்பாருக்குப் போய் வலையை இறக்கினார்கள். முதல் இழுப்பிலேயே வலை கனத்தது. கூனிமடைக்காரனுக்கு இப்படி ஒரு மீன்பாடு விழுந்ததே கிடையாது. விளமீன், சீலா, ஊளி என்று வெள்ளி வெள்ளியாகத் துள்ளியது.

கஸ்பார் ஒரு சீலாவைத் தூக்கிப் பிடித்தான்.

"இது கல்லு மாதிரி இருக்கா?"

எல்லாரும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள்.

"மீனு மாதிரி இருக்கு" என்றான் இன்னாசி வருத்தத்தோடு.

"நல்லாப் பாரு. ஒரு ஓரமாவது கல்லு மாதிரி இருக்கா?"

"வாலு வரைக்கும் மீனு மாதிரிதாம்ணே இருக்கு."

கடலில் போட்டார்கள். அடுத்ததும் மீன் மாதிரி இருந்தது. அதையும் போட்டார்கள். ஒவ்வொன்றையும் தூக்கி, பார்த்து, தலையை ஆட்டி, கடலுக்கே அனுப்பினார்கள். அந்தப் பக்கம் வந்த சேந்தன்துறை வள்ளக்காரன் வேதமணி இதைப் பார்த்தான். பிறகு இவர்கள் எறிகிற பக்கமாகத் தன் வலையை விரித்துக்கொண்டு குந்தினான். அவன்தான் எனக்கு இதையெல்லாம் சொன்னவன். அந்த வருசம் அவன் வீட்டுக்கு ஓடு மாற்றினான்.

அடுத்த இழுப்பில் வலை பாரை உரசிக்கொண்டு வந்தது. வந்தது அத்தனையும் கல்.

"வந்துட்டு" என்று லேயோன் கிசுகிசுத்தான்.

பாசி பிடித்த கல், பள்ளம் விழுந்த கல், பவளம் ஒட்டிய கல். கை படக்கூடாதே, அதனால் இரண்டு துடுப்பை இடுக்கி மாதிரிப் பிடித்து ஒவ்வொன்றாக வள்ளத்தில் இறக்கினார்கள். இதில் எது மீன் என்று தெரியவில்லை. அதனால் எதையும் விடவில்லை. மறுபடி வலை போட்டார்கள். மறுபடி கல். வள்ளம் நிரம்பியது.

பிறகு கற்களுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாய் திறக்கட்டும் என்று காத்திருந்தார்கள்.

ஒரு கல்லும் திறக்கவில்லை.

"பசிக்குமோ என்னவோ" என்று இன்னாசி சோற்றை உருட்டி ஒவ்வொரு கல்லுக்கும் முன்னால் ஒரு கவளம் வைத்தான். காகம் வந்து தின்றது.

"பேச்சுக் கொடுத்துப் பாப்போமா?" என்றான் லேயோன். பெரிய கல் ஒன்றின் பக்கம் குனிந்தான். "என்னய்யா, எந்தப் பக்கம்? வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?"

கல் பேசவில்லை.

"கொழுப்பு" என்றான் கஸ்பார்.

"கொழுப்பு இல்ல. அது சாதிக்குது. அவருதான் சொன்னாருல்லா" என்றான் தொபியாஸ். மறுபடி தொப்புளைப் பார்த்தான். "ஒருத்தன் கொட்டாவி விட்டா அடுத்தவனுக்கு வருமா வராதா?"

"வரும்."

"அப்ப கொட்டாவி விடுங்க. மீனா இருந்தா அதுக்கும் வரும். வந்தா வாயைத் திறக்கும்."

நாலு பேரும் கற்களைப் பார்த்துக் கொட்டாவி விட்டார்கள். விட்டார்கள், விட்டார்கள், தாடை வலிக்க விட்டார்கள். முதலில் லேயோன் தூங்கினான். பிறகு கஸ்பார். பிறகு தொபியாஸ். இன்னாசி மட்டும் மெட்டில்டாவை நினைத்துக் கண்ணைப் பிடித்து வைத்திருந்தான். கொஞ்ச நேரத்தில் அவனும் சாய்ந்தான்.

விழித்தபோது தண்ணீர் இடுப்புக்கு வந்திருந்தது. வள்ளத்தின் விளிம்புக்கும் கடலுக்கும் நாலு விரல்கூட இடைவெளி இல்லை.

"பாரத்தை இறக்கணும்" என்றான் கஸ்பார். "கல்லை எறிங்க."

"நில்லுங்க" என்றான் தொபியாஸ். "இதுல எது மீனுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாததை எறியலாமா? மீனைப் பிடிச்சு மீனையே எறிஞ்சவன்னு ஊரு சிரிக்காதா? மீனு இல்லேன்னு நல்லாத் தெரியறதைத்தான் எறியணும்."

நியாயம் என்று எல்லாருக்கும் பட்டது. சோற்றுப்பானை மீன் இல்லை. எறிந்தார்கள். குடிதண்ணீர்க் கேன் மீன் இல்லை. எறிந்தார்கள். நங்கூரத்தை விவாதித்து எறிந்தார்கள். டீசல் கேன் போனது. வலையும் இரண்டு துடுப்பும் மட்டும் தப்பித்தன. துடுப்பின் மேல் வலையை விரித்து இன்னாசி அதன்மேல் உட்கார்ந்திருந்தான், யாருக்கும் தெரியவில்லை.

அப்படியும் வள்ளம் ஏறவில்லை.

"அத்தான்" என்று லேயோன் மெதுவாகக் கேட்டான். "நான் மீனா?"

கஸ்பார் அவனை நன்றாகப் பார்த்தான். "இல்ல மாப்ள."

"அப்ப நானும் இறங்கணுமோ?"

"உன்னைச் சொல்ல எனக்கு மனசு வரல. நீயா கேட்டுட்ட."

லேயோன் கடலில் இறங்கி வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். முறை என்றால் முறை, கஸ்பாரும் தொபியாஸும் இறங்கினார்கள். மாப்பிள்ளை என்பதால் இன்னாசியை மட்டும் கற்களோடு உட்கார வைத்தார்கள். வள்ளம் ஏறி மிதந்தது. டீசல் இல்லை. வேதமணிதான் கயிறு கட்டி இழுத்து வந்தான்.

"எதுக்குல இவ்வளவு கல்லு?" என்று மட்டும் கேட்டான்.

"பொண்ணு கேக்க" என்றான் இன்னாசி.

வேதமணி அதற்குமேல் கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்கும் ஒரு அளவு உண்டு.

*

ஞாயிற்றுக்கிழமை காலை சேந்தன்துறைக் கரையில் வந்து இறங்கினார்கள்.

அத்தனாஸ் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியோடு கடற்கரையில் நின்றார். டவுன்காரர்கள் வீட்டுக்கு வந்தாகிவிட்டது. மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் கடல் காற்று ஒத்துக்கொள்ளாதாம், கதவைச் சாத்தி உட்கார வைத்திருந்தார்கள். அத்தனாஸ் மட்டும் கரைக்கு வந்திருந்தார். கெடு முடிகிறது, கூனிமடைக்காரன் வெறுங்கையோடு வருகிற அழகைப் பார்க்கவேண்டாமா.

வெறுங்கையோடு வரவில்லை. துடுப்பால் இடுக்கி இடுக்கி, அலை வந்து நனைக்கிற ஓரத்தில் கற்களை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்கள். குதிகாலால் நடந்து.

"என்னல இது?"

"கல்மீன் மாமா" என்றான் இன்னாசி.

"எங்க?"

"இதுல ஒண்ணு. எதுன்னு தெரியல. நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

அத்தனாஸ் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தார். வாயைத் திறந்துதான் சிரித்தார். தொபியாஸ் அப்போதே அதைக் கவனித்தான். மரியாதைக்காகப் பேசாமல் இருந்தான்.

"கூனிமடை கூனிமடைதான். பாருல கிடந்த குப்பையை எல்லாம் அள்ளிட்டு வந்திருக்கான். ஏல, வயசெல்லாம் கடலுக்கடியில கிடந்தவன் நான். எது கல்லு, எது மீனுன்னு கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன். இது அத்தனையும் கல்லு."

"ஒண்ணாவது இருக்கும் மாமா. நல்லாப் பாருங்க" என்றான் இன்னாசி. மெட்டில்டா வீட்டுப் பக்கம் பார்த்தான்.

"பாக்க வேற வேணுமா? இதுல ஒரு மீனு இருந்தா என் பேரை மாத்திக் கூப்பிடுல."

சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, வரிசையில் நடுவாக இருந்த, பாசி பிடித்த, மெத்தென்று தெரிந்த ஒரு கல்மேல் ஜம்மென்று உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவர் அசையவில்லை.

முகம் முதலில் சிவந்தது. பிறகு சாம்பல் பூத்தது. கண் இரண்டும் வெளியே வந்தன. மேலுதடு நடுங்கியது. பிறகு வாய் திறந்தது. சாதாரணத் திறப்பு இல்லை. கடைவாய்ப்பல் வரைக்கும் தெரிந்தது. சத்தம் பிறகுதான் வந்தது.

எழுந்து நாலடி ஓடி மணலில் குப்புற விழுந்தார்.

கூனிமடைக்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"வாயைத் திறந்துட்டு" என்றான் லேயோன்.

"அவசரப்படாத" என்றான் தொபியாஸ். "ஒண்ணொண்ணா வருவோம். அசையாம உக்காந்திருந்துதா?"

"உக்காந்திருந்து."

"கல்லோட கல்லா இருந்துதா?"

"நடுவுலதான் இருந்து."

"நான் மீனு இல்லேன்னு சாதிச்சுதா?"

"மீனு இருந்தா பேரை மாத்துன்னே சொல்லிச்சே."

"வாயைத் திறந்துதா?"

"இன்னும் மூடலை."

தொபியாஸ் பெருமூச்சு விட்டான். "இன்னாசி, உன் கல்யாணம் முடிஞ்சுதுல. வலையை எடு."

"பாவிகளா, நான் அத்தனாஸுல! குத்திட்டுல! முள்ளுல!" என்று மணலில் கிடந்தவர் கதறினார்.

"ஏமாத்துது" என்றான் கஸ்பார். "சொன்னாருல்லா, என்ன சாதிச்சாலும் நம்பாதீங்கன்னு."

"குரலு கூட மாமா குரலு மாதிரியே இருக்கு" என்றான் இன்னாசி பிரமித்துப்போய். "பக்கத்தில என்ன கிடக்கோ அது மாதிரி இருக்கும்னாரு, எவ்வளவு சரியா இருக்கு பாருங்க."

"முள்ளு பக்கம் போகாதீங்க" என்றான் தொபியாஸ். "கை படப்பிடாது. உயிரோட வேணும்."

கை படாமல், துடுப்பால் தள்ளி, அத்தனாஸை வலைக்குள் உருட்டினார்கள். சுருட்டினார்கள். துடுப்பைக் குறுக்கே கோர்த்து இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பேராகத் தூக்கினார்கள். கஞ்சி போட்ட வேட்டி வலைக்கண் வழியாக வெளியே தொங்கியது. கரையில் இருந்தவர்கள் ஒருத்தரும் தடுக்கவில்லை. கொஞ்சம் முன்னால் அவர் சிரித்தபோது கூடச் சிரிக்க வந்தவர்கள்தானே. இப்போதும் சிரிக்கத்தான் வந்தார்கள்.

தெரு முழுக்க, "நான் மீனு இல்ல, நான் மீனு இல்ல" என்று கத்திக்கொண்டே போனார் அத்தனாஸ். ஒவ்வொரு முறையும் கூனிமடைக்காரர்களுக்கு நம்பிக்கை கூடியது.

*

வீட்டில் டவுன்காரர்கள் வடை தின்றுகொண்டிருந்தார்கள். பூத்தட்டு நடுவில் இருந்தது. மெட்டில்டா பட்டுச்சேலையில், எடை போடுகிற முகத்தோடு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

வாசல் திறந்தது. வலை வந்து நடுக்கூடத்தில் இறங்கியது.

"மெட்டில்டா" என்றான் இன்னாசி. "கல்மீன். ஆழப்பார்ல இருந்து. உயிரோட. கை படல."

வலைக்குள் இருந்து ஒரு வெள்ளை வேட்டி, ஒரு நரைத்த மீசை, நீளமாக ஒரு ஊளை.

டவுன் மாப்பிள்ளையின் அப்பா எழுந்தார். "இது... உங்க அப்பா இல்லையாம்மா?"

மெட்டில்டா வலைக்குள் குனிந்து பார்த்தாள். வேட்டியில் ரத்தப்பொட்டைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "அத்தை, வெந்நி வையுங்க. அண்டாவுல. சீக்கிரம். ஒரு ஆட்டோவுக்கும் சொல்லி விடுங்க." பிறகு நிமிர்ந்தாள். டவுன்காரர்களைப் பார்த்தாள். குதிகாலில் ஆடிக்கொண்டு நிற்கிற இன்னாசியைப் பார்த்தாள். வாசலில் கூடி நிற்கிற தெருவைப் பார்த்தாள்.

"மீன் வந்துட்டு" என்றாள். தெருவுக்கே கேட்டது.

டவுன்காரர்கள் வடையைப் பாதியில் வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார்கள். சம்பந்தியை வலையில் கட்டித் தூக்கி வருகிற ஊரில் பெண் எடுக்க அவர்களுக்குத் தைரியம் இல்லை. பூத்தட்டை எடுத்துக்கொண்டார்கள். வடைத்தட்டையும் தவறுதலாக எடுத்துக்கொண்டார்கள்.

"செல்லாது" என்று வலைக்குள் இருந்து அத்தனாஸ் முனகினார். "நான் சம்மதிக்க மாட்டேன். செல்லாது."

அண்டா வந்தது. ஆவி பறந்தது. மெட்டில்டா விரலை விட்டுப் பார்த்தாள்.

"சூடு சரியா இருக்கான்னு எங்க சலோமி மதினியைக் கூட்டிட்டு வரட்டுமா?" என்று இன்னாசி அன்போடு கேட்டான். "அவங்க பாத்தா பிசகாது. எங்களுக்கும் அவங்கதான் பாத்தாங்க."

அத்தனாஸ் வலைக்கண் வழியாக வெளியே பார்த்தார். அவர் கண்ணுக்கு நேராக எட்டுக் கால் நின்றது. தோல் உரிந்து, கொப்புளம் உடைந்து, அவித்த பனங்கிழங்காக. ஒவ்வொன்றாகப் பார்த்தார். தன் நிலைமையையும், தான் உட்காரவேண்டிய அண்டாவையும், எந்தப் பக்கம் உட்காரவேண்டும் என்பதையும் நினைத்துப் பார்த்தார்.

"வேண்டாம்" என்றார். "அவளைக் கூப்பிடாத. சம்மதம்."

"வாயைத் திறந்து சத்தமாச் சொல்லுங்கப்பா" என்றாள் மெட்டில்டா.

"சம்மதம்!"

"பாத்தீங்களா, மறுபடி திறக்குது" என்றான் லேயோன்.

மகள் பொறுக்கிற சூட்டில் அவரை உட்கார வைத்தாள். வலி கொஞ்சம் இறங்கியதும் ஆட்டோவில் ஏற்றி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனாள். ஊசி போட்டார்கள். பிழைத்துக்கொண்டார். மகள் கல்யாணத்தைக் கோவிலில் கடைசிப் பெஞ்சில் குப்புறப் படுத்துக்கொண்டு பார்த்தார். இன்றைக்கும் சேந்தன்துறையில் அவரைக் கல்மீன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவரே சொன்னதுதான்.

அது பிறகு. அன்றைக்குச் சாயங்காலம் கூனிமடைக்காரர்கள் நாலு பேரும் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சின்னக் கவலை பாக்கி இருந்தது.

"மீனு சம்மதிச்சிட்டு, சரி" என்றான் கஸ்பார். "அத்தனாஸ் மாமா எங்க? காலையில கரையில நின்னாரே. ஒரு வார்த்தை அவருகிட்டயும் கேக்கணும்லா."

"மீனே சம்மதிச்ச பொறவு மாமா எதுக்கு?" என்றான் தொபியாஸ்.

"அந்தப் பிள்ளை மீனைப் போயி அப்பான்னு கூப்பிடுதே" என்றான் லேயோன்.

"நல்ல மனசு" என்றான் இன்னாசி.

இருட்டுவதற்குள் ஊருக்குப் போகவேண்டும். கற்கள் அலையோரத்தில் வரிசையாகக் கிடந்தன. மீனைக் கொடுத்தாகிவிட்டது, இனி மீதியெல்லாம் வெறும் கல்தானே; அடுத்தவன் கரையில் குப்பை போட்டுவிட்டுப் போவது மரியாதையா என்று கஸ்பார் கேட்டான். துடுப்பால் ஒவ்வொன்றாகக் கடலுக்குள் தள்ளினார்கள்.

நடுவில் இருந்த பாசிக் கல்லைத் தள்ளியதும் லேயோன் கையை நெற்றியில் வைத்துத் தண்ணீரை உற்றுப் பார்த்தான்.

"அத்தான், ஒரு கல்லு நீந்திப் போகுது."

கஸ்பார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"போனாப் போகுது மாப்ள. நமக்கு வேண்டியது மீனுதான."